நனைந்த பிரஷ்

லிஃப்ட் மெக்கானிக் எதையும் கண்ணால் பார்க்காமல் நம்ப மாட்டான். பதினெட்டு மாடிக் கட்டடத்தில் இரும்புக் கயிறு சரியாக இருக்கிறது என்று பத்துப் பேர் அடித்துச் சொன்னாலும், தானே மேலே ஏறி, டார்ச் அடித்து, விரலால் தடவிப் பார்த்த பிறகுதான் தாளில் டிக் போடுவான். கூட வேலை பார்த்த ஒருத்தன் டீக்கடையில் உட்கார்ந்தபடியே ஆறு லிஃப்டுக்கும் டிக் போட்டுக் கொடுத்ததைக் கண்டுபிடித்து, மேனேஜர் வரைக்கும் கொண்டுபோய், ஆளை வேலையை விட்டே தூக்க வைத்தவன். பிள்ளைகுட்டிக்காரன், போகட்டும் விடு என்று மற்றவர்கள் கெஞ்சிப் பார்த்தார்கள். "லிஃப்டுல ஏறுறவங்களுக்கும் பிள்ளைங்க இருக்கு" என்று முகத்தில் அடித்த மாதிரிச் சொல்லிவிட்டான். அப்பேர்ப்பட்டவனை எட்டு மாதம் ஏமாற்றியது ஆறு வயதுப் பிள்ளை. அதுவும் ஒரு பல் பிரஷ்ஷை வைத்துக்கொண்டு.

அதைச் சொல்வதற்கு முன்னால் பாட்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பாட்டு அவன் மனைவி கட்டியது. மூத்தவள் சிட்டு இரண்டு வயதில் பிரஷ்ஷைக் கண்டாலே வாயைப் பூட்டிக்கொண்டு கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்வாள். இழுத்தால் கடிப்பாள். மிரட்டிப் பார்த்தாயிற்று, கொஞ்சிப் பார்த்தாயிற்று, பொம்மைக்கும் பல் தேய்த்துக் காட்டியாயிற்று. ஒருநாள் சலித்துப்போய், பிரஷ்ஷைத் துடைப்பமாகவும் பிள்ளையின் வாயைத் தெருவாகவும் வைத்துப் பாட ஆரம்பித்தாள்.

"மேலத் தெரு கூட்டியாச்சு, கீழத் தெரு கூட்டியாச்சு,
வாசக் கதவு நாலையும் வழிச்சுத் தொடச்சாச்சு,
மூலை வீட்டுக்காரரே, தூங்குறீரா, முழிச்சீரா?"

மூலை வீட்டுக்காரர் என்றால் கடைசிக் கடைவாய்ப்பல். அவரைக் கேட்டால் அவர்தானே பதில் சொல்ல வேண்டும்? வாய் நிறைய நுரையோடு சிட்டு "முயிச்சேன்!" என்பாள். அந்த ஒரு வார்த்தையைச் சொல்வதற்காகவே வாயை அகலத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருப்பாள். அம்மா உதட்டுக்குக் கீழே நாடியைப் பிடித்து நிமிர்த்தி, சந்துபொந்தெல்லாம் தேய்த்து முடித்து, "நான் இல்லேன்னா உன் பல்லெல்லாம் என்ன கதி ஆகும்டி?" என்று கன்னத்தைக் கிள்ளுவாள். விளையாட்டுப் பேச்சுதான். அதை ஒரு பிள்ளை எங்கே கொண்டுபோய்ப் பத்திரப்படுத்தும் என்று யாருக்குத் தெரியும்?

சிட்டுவுக்கு ஐந்தரை வயதும் சின்னவன் குண்டுவுக்கு ஒன்றேகால் வயதும் ஆனபோது மனைவிக்கு வெளிநாட்டில் வேலை கிடைத்தது. ஒரு வீட்டில் இரண்டு வயதுக் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் வேலை. இரண்டு வருஷ ஒப்பந்தம். நடுவில் விடுமுறை கிடையாது. திரும்பி வரும்போது சொந்தமாக ஒரு வீட்டுக்கு வழி பிறந்துவிடும் என்று இருவரும் பேசிப் பேசி மனசைத் தேற்றிக்கொண்டார்கள். கிளம்புகிற அன்று காலையில் இரண்டு பிள்ளைகளுக்கும் அவளே பல் தேய்த்துவிட்டாள். வாசலில் பெட்டியை வைத்துக்கொண்டு புருஷனிடம், "சாப்பாடு முன்னப்பின்ன ஆனாக்கூடப் பரவாயில்லங்க. பல்ல மட்டும் விட்டுராதீங்க" என்றாள். வேறு என்னென்னவோ சொல்ல வந்து, அதைத்தான் சொல்ல முடிந்தது.

மெக்கானிக் அன்றைக்கே வாஷ்பேசினுக்குப் பக்கத்தில் ஒரு தாள் ஒட்டினான். லிஃப்டுக்கு ஒட்டுகிற அதே மாதிரித் தாள். மேலே தேதி, கீழே இரண்டு வரிசை: காலை, படுக்கும் முன். ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டு, ஆணியில் பென்சிலை நூல் கட்டித் தொங்கவிட்டான். கீழ் வீட்டு டெய்லர் அக்கா பார்த்துவிட்டு, "என்ன தம்பி, வாயில லிஃப்ட் ஓடுதா?" என்று சிரித்தாள். அவன் வேலைக்குப் போனபிறகு பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது அந்த அக்காதான். தையல் மிஷினுக்குப் பக்கத்தில் துணிக் குவியலில் குண்டு கிடப்பான். சிட்டுவை அக்காவே பள்ளிக்கூடத்தில் விட்டுக் கூட்டி வருவாள்.

கட்டம் போடுவது சுலபம். காலை ஆறரை மணிக்கு இரண்டு பிள்ளைகளைப் பல் தேய்க்க வைப்பது எப்படி என்று எந்தக் கம்பெனியும் அவனுக்குச் சொல்லித்தரவில்லை. குண்டுவுக்கு நாலே நாலு பல். அந்த நாலாலும் பிரஷ்ஷைக் கவ்விப் பிடித்தால் குரங்குப்பிடி. பேஸ்ட்டை மிட்டாய் மாதிரி விழுங்குவான். சிட்டு ஸ்டூலில் ஏறி நின்றுகொண்டு, "அம்மா பாடுனாத்தான் தேய்ப்பேன்" என்பாள். அவன் பாடிப் பார்த்தான். மேலத் தெருவும் கீழத் தெருவும் அவன் தொண்டையில் வேறு எங்கோ போயின. "நீ பாடுறது நல்லா இல்லப்பா" என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டாள்.

அம்மாவைப் போனில் பிடிக்கலாம் என்றால் அதிலும் ஒரு சிக்கல். அந்த நேரத்தில்தான் அவளும் அங்கே அந்தக் குழந்தைக்குப் பல் தேய்த்துவிட்டுக்கொண்டிருப்பாள். ஒரு கையில் அந்தப் பிள்ளை, ஒரு கையில் பிரஷ். பத்து நாள் முயன்று பார்த்து, கடைசியில் மெக்கானிக்கின் மூளையில் ஒரு யோசனை உதித்தது. அந்த யோசனையை உதிக்கவிட்ட மூளையைப் பிறகு அவன் எத்தனை தடவை சபித்தான் என்பதற்குக் கணக்கே கிடையாது.

"நீ அந்தப் பாப்பாவுக்குத் தேச்சு விடுறப்ப போனை எதிர்ல சாய்ச்சு வச்சிரு. சிட்டு உன்னப் பாத்துக்கிட்டே தேய்க்கட்டும். பாட்டும் ஆச்சு, வேலையும் ஆச்சு."

"நல்லாயிருக்குமா?" என்று அவள் தயங்கினாள்.

"இதுல என்ன இருக்கு?" என்றான்.

மறுநாள் சோப்பு டப்பாவில் போனைச் சாய்த்து வைத்தான். திரையில் வெள்ளைப் பளிங்குக் குளியலறை. மஞ்சள் துண்டு போர்த்திக்கொண்டு ஒரு கொழுகொழுக் குழந்தை. அதன் நாடியை அம்மாவின் கை பிடித்திருந்தது. "பாரு சிட்டு, இதுதான் பட்டு. பட்டு எவ்ளோ பெருசா வாயத் திறக்குது பாத்தியா? நீயும் திற பாப்போம்." அந்த வீட்டில் பேசுவது வேறு பாஷை. பெயரும் வாயில் நுழையாத பெயர். பட்டு என்பது அவளாக வைத்துக்கொண்டது. பாட்டு தொடங்கியது. சிட்டு பிரஷ்ஷை வாயில் வைத்துக்கொண்டு, கண்ணைத் திரையை விட்டு எடுக்காமல், தன் முறைக்காகக் காத்திருந்தாள்.

"மூலை வீட்டுக்காரரே, தூங்குறீரா, முழிச்சீரா?"

சிட்டு மூச்சை இழுத்தாள். அதற்குள் அங்கே மஞ்சள் துண்டுக்குள்ளிருந்து "முயிச்சேன்!" என்று சத்தம் வந்தது. சிட்டு வீட்டுப் பாஷையில் அந்தக் குழந்தை கற்றுக்கொண்ட ஒரே வார்த்தை அதுதான் போலிருக்கிறது. அங்கே அம்மா வாய்விட்டுச் சிரித்தாள். இங்கே அப்பாவும் சிரித்தான். சிட்டு சிரித்தாளா என்று அவன் பார்க்கவில்லை. குண்டு பேஸ்ட் டியூபைக் கடித்துக்கொண்டிருந்தான். அதைப் பிடுங்கவே நேரம் சரியாக இருந்தது.

நாலாம் நாள் சிட்டு சொன்னாள்: "போன் வேணாம்ப்பா. எனக்கே தேய்க்கத் தெரியும். நீ தம்பியப் பாரு."

மெக்கானிக்குக்குக் கால் தரையில் பாவவில்லை. பிள்ளைக்குப் பொறுப்பு வந்துவிட்டது என்று டெய்லர் அக்காவிடம் சொன்னான், வேலை இடத்தில் சொன்னான், மனைவியிடம் இரண்டு தடவை சொன்னான். அவள், "அப்ப இனிமே நான் பாட வேணாமா?" என்று கேட்டாள். அவன் அதை ஒரு கேள்வியாகவே எடுத்துக்கொள்ளவில்லை.

அன்றிலிருந்து நடைமுறை இதுதான். சிட்டு குளியலறைக்குள் போவாள். குழாய்ச் சத்தம் கேட்கும். சமையலறையில் அடுப்பைப் பார்த்துக்கொண்டே அவன், "தேய்க்கிறியா?" என்பான். "ம்" என்று பதில் வரும். வெளியே வந்து பென்சிலை எடுத்துத் தானே டிக் போடுவாள். அவன் சும்மா விடுகிற ஆளா? கிளம்புவதற்கு முன்னால் பிரஷ்ஷை எடுத்துக் கட்டை விரலால் தடவிப் பார்ப்பான். ஈரமாக இருக்கும். திருப்தியாகச் செருப்பை மாட்டுவான். ஊரில் இருக்கிற லிஃப்டுகளில் ஒன்றைக்கூட நம்பாதவன் ஒரு நனைந்த பிரஷ்ஷை நம்பினான்.

இடையில் பிள்ளையின் வாய் ஒருமாதிரி வாடை அடித்தது. பேஸ்ட் சரியில்லை என்று வேறு பேஸ்ட் வாங்கினான். இனிப்பைக் குறைத்தான். ஒரு பக்கமாகவே மென்று சாப்பிடுகிறாள் என்று டெய்லர் அக்கா சொன்னபோது, பல் ஆடுகிற வயசுதானே என்றான். தாள்கள் மாதாமாதம் நிறைந்தன. நிறைந்த தாள்களைக் கிழித்து எறிய மனசில்லாமல் அலமாரியில் அடுக்கி வைத்தான்.

எட்டாவது மாதம் ஒரு காலையில் சிட்டு எழுந்து வந்தபோது வலது கன்னம் பன் மாதிரி வீங்கியிருந்தது. கண் பாதி மூடிக் கிடந்தது. உடம்பு நெருப்பாகக் கொதித்தது. அழவில்லை. குண்டுவை அக்காவிடம் தள்ளிவிட்டு அவளைத் தூக்கிக்கொண்டு ஓடினான்.

பல் டாக்டரம்மா வயதானவள், கறாரான கை. சிட்டுவின் வாயைத் திறக்க வைக்கவே கால் மணி நேரம் ஆனது. உள்ளே விளக்கைத் திருப்பிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள்.

"பல்லு தேய்க்கிறாளா?"

"ரெண்டு வேளையும் மேடம். ஒருநாள் கூடத் தவறினதில்ல." போனில் தாளைப் படம் எடுத்து வைத்திருந்தான். எடுத்துக் காட்டினான். டாக்டரம்மா படத்தைப் பார்க்கவில்லை. மெல்லிய ஊசியால் சிட்டுவின் பல்லை லேசாகச் சுரண்டி, அதில் ஒட்டி வந்ததை அவன் முகத்துக்கு நேராக நீட்டினாள்.

"மாசக்கணக்கா பிரஷ் படாத பல்லுங்க இது. ஒண்ணு முழுசாச் சொத்தையாகி வேர் வரைக்கும் சீழ் வச்சிருக்கு. எடுத்துத்தான் ஆகணும். இன்னும் மூணு ஆரம்பிச்சிருக்கு."

"இருக்காது மேடம். நான் தினமும் பிரஷ்ஷைத் தொட்டுப் பாத்துட்டுத்தான் வேலைக்கே போறேன்."

"பிரஷ்ஷைத் தொட்டுப் பாத்தீங்க" என்றாள் டாக்டரம்மா. "வாயைப் பாத்தீங்களா?"

பத்தாவது மாடியில் கால் வழுக்கியபோதுகூட அவனுக்கு அப்படி வியர்த்ததில்லை. சீழ் வடிய வழி செய்து, மருந்து கொடுத்து, மூன்றாம் நாள் வரச் சொன்னாள். மூன்றாம் நாள் பல்லைப் பிடுங்கினாள். கடைசிக் கடைவாய்ப்பல்தான். காகிதத்தில் மடித்து அவன் கையில் கொடுத்தபோது அதில் பாதிக்கு மேல் கறுப்பாக இருந்தது. சட்டைப் பையில் டெஸ்டருக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டான்.

வீட்டுக்கு வந்து, மரத்துப்போன வாய்க்கு உணர்வு திரும்பும்வரை சிட்டு அவன் மடியில் படுத்திருந்தாள். சாயங்கால வெயில் சுவரில் விழுந்திருந்தது. அவன் திட்டவில்லை, திட்டுகிற யோக்கியதை தனக்கு இல்லை என்று அவனுக்குத் தெரிந்திருந்தது.

"மூலை வீட்டுக்காரர் போயிட்டாராப்பா?" என்றாள்.

"போயிட்டாருடா."

"அப்ப அம்மா வருமா?"

அவனுக்குப் புரியவில்லை. "அம்மா எதுக்குடா வரணும்?"

"அம்மாதான சொல்லுச்சு, அது இல்லேன்னா என் பல்லு என்ன கதி ஆகும்னு. பல்லு கெட்டுப் போச்சுன்னா அம்மாவுக்குத் தெரியும்ல? தெரிஞ்சா வந்துரும்ல?" சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். "அது என் பாட்டுப்பா. பட்டுக்குப் பல்லு நல்லாத்தான இருக்கு. அதுக்கு எதுக்கு அம்மா?"

எட்டு மாதம். ஒவ்வொரு நாளும் இரண்டு வேளை ஸ்டூலில் ஏறி நின்று, குழாயைத் திறந்து, பிரஷ்ஷை நனைத்து, பேஸ்ட்டைப் பேசினில் பிதுக்கிக் கழுவிவிட்டு, டிக் போட்டிருக்கிறாள். வலியையும் பொறுத்துக்கொண்டிருக்கிறாள். அவன் பிள்ளைதானே, எடுத்த வேலையைப் பாதியில் விடவில்லை. மெக்கானிக் அவள் தலையைத் தடவினான். அழுகையை அடக்கத் தெரியாமல், அடுப்பில் ஏதோ கருகுகிறது என்று பொய் சொல்லி எழுந்து போனான்.

மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னான். போனைச் சாய்த்து வைக்கச் சொன்னது தான்தான் என்பதையும் மறுபடி சொன்னான். அந்தப் பக்கம் அவள் அழுத அழுகையை இங்கே எழுத முடியாது. வேலை பார்க்கிற வீட்டுக்காரியிடம் போய் ஒரு வாரம் விடுப்புக் கேட்டாள். அந்த வீட்டுக்காரி கெட்டவள் ஒன்றும் இல்லை. "பால் பல்லுதானே? விழுந்து முளைக்கிற பல்லுக்காகவா போறே?" என்று கேட்டாள். நியாயமான கேள்விதான். ஒப்பந்தத்தில் சாவுக்கு விடுப்பு உண்டு, பல்லுக்குக் கிடையாது.

"அம்மாவுக்கு இப்ப வர முடியாதாம்டா" என்றான் சிட்டுவிடம்.

"பல்லு போனாக்கூடவா?"

"ம்."

"சரி" என்றாள்.

எழுந்து போய் ஸ்டூலை இழுத்துப் போட்டாள். பேஸ்ட்டை வைத்தாள். பிடுங்கின பக்கத்தை விட்டுவிட்டு மற்ற எல்லாப் பல்லையும் மேலும் கீழும் நிதானமாகத் தேய்த்தாள், கொப்பளித்தாள், டிக் போட்டாள். அன்றிலிருந்து சிட்டு ஒழுங்காகப் பல் தேய்த்தாள். ஒருநாளும் ஏமாற்றவில்லை. அம்மா எப்போது வரும் என்று ஒருநாளும் கேட்கவும் இல்லை.

மெக்கானிக் சண்டை போட்டுக் காலை ஷிஃப்டை ஒரு மணி நேரம் தள்ளி வாங்கினான். இப்போது குளியலறைத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டு, இரண்டு வாயையும் டார்ச் அடித்துப் பார்த்த பிறகுதான் கிளம்புவான். குண்டுவுக்கு அவனே தேய்த்துவிடுவான். சிட்டு பார்க்க விடுவாள், தொட விடமாட்டாள். ஒருதடவை ஆசைப்பட்டு "மேலத் தெரு" என்று ஆரம்பித்தான். "அது வேணாம்ப்பா. நீ எண்ணு, போதும்" என்றாள். ஒன்றிலிருந்து நூற்றிருபது வரை எண்ணினான். தினமும் எண்ணினான். டீக்கடையில் டிக் போட்டு வேலை போன அந்தப் பழைய ஆளை ஒருநாள் பஸ்ஸில் பார்த்தபோது, அவனால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. இரண்டு நிறுத்தம் முன்னாலேயே இறங்கி நடந்தான்.

மிச்சமிருந்த மாதங்களில் மனைவி போன் பண்ணும்போதெல்லாம் கேட்பது ஒன்றுதான். "சிட்டுவ வாயக் காட்டச் சொல்லுங்க." சிட்டு வருவாள், பள்ளிக்கூடக் கதை சொல்வாள், வாயை மட்டும் காட்டமாட்டாள். "அப்புறமா காட்டுறேன்." முன்பல் இரண்டு விழுந்தது, முளைத்தது. அதையும் அப்புறமாகத்தான் சொன்னாள்.

"நான் வந்தா என்கிட்ட வாயத் திறப்பாளாங்க?" என்று ஒருநாள் அவள் கேட்டாள். "எனக்கு வேற ஒண்ணும் வேணாம். ஒரு தடவை அவ நாடியப் பிடிச்சுத் தேச்சு விட்டுட்டேன்னா, எல்லாம் சரியாப் போயிரும்."

"திறக்காம எங்க போறா? பச்சப்புள்ள" என்றான். அவனுக்கே நம்பிக்கை இல்லை.

இரண்டு வருஷம் முடிந்து அவள் வந்தாள். இளைத்திருந்தாள். பெட்டி நிறைய சாமான். எல்லாவற்றுக்கும் மேலே இரண்டு புது பிரஷ், ஒன்று சிவப்பு, ஒன்று நீலம். குண்டுவுக்கு அவள் யாரென்றே தெரியவில்லை. புதிதாக ஒரு அத்தை வந்திருக்கிறாள் என்று நினைத்தானோ என்னவோ, அரை மணி நேரத்தில் இடுப்பில் ஏறிக்கொண்டான். அவன் எல்லோரிடமும் ஒட்டிக்கொள்வான். சிட்டு பக்கத்தில் வந்து கட்டிப்பிடித்துக்கொண்டாள், முத்தம் கொடுத்தாள், "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டாள். முன்னெல்லாம் "நீ" என்றுதான் கூப்பிடுவாள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை; விருந்தாளிக்கு வருகிற மரியாதை தானாக வந்திருந்தது.

முதல் நாள் காலையில் அம்மா எழுவதற்குள் சிட்டு பல் தேய்த்து முடித்திருந்தாள். இரண்டாம் நாளும் அப்படியே. மூன்றாம் நாள் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். மனைவி வெளியே நின்றாள். உள்ளே பிரஷ் போகிற சத்தம், நிதானமாக, இரண்டு நிமிஷம். "நல்லாத் தேய்க்கிறா" என்று புருஷனிடம் சொன்னாள். சொல்லிவிட்டு அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நாலாம் நாள் அவள் முந்திக்கொண்டாள். சிவப்பு பிரஷ்ஷில் பேஸ்ட் வைத்துக்கொண்டு வாஷ்பேசின் பக்கத்தில் காத்திருந்தாள். சிட்டு கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தாள். மெக்கானிக் குண்டுவைத் தூக்கிக்கொண்டு பின்னால் நின்றான்.

"சிட்டு, ஆ காட்டு. இன்னிக்கு அம்மா தேச்சு விடுறேன்."

சிட்டு பிரஷ்ஷைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள். "நானே தேச்சுக்குவேம்மா. எனக்குத் தெரியும்."

"தெரியும்டா. இன்னிக்கு மட்டும்."

"நீங்க தம்பிக்குத் தேச்சு விடுங்க. அவனுக்குத்தான் தெரியாது."

கோபமில்லை, வீம்பில்லை. வேலையைப் பங்கு போடுகிற மாதிரிச் சொன்னாள். அம்மாவின் கையிலிருந்து பிரஷ்ஷை மெதுவாக வாங்கிக்கொண்டு தேய்க்க ஆரம்பித்தாள். முடித்துவிட்டு அப்பாவுக்குக் காட்டுகிற பழக்கத்தில் உதட்டை விலக்கிக் காட்டினாள். "பாத்துக்கோங்க." அம்மா குனிந்து பார்த்தாள். இரண்டு பெரிய முன்பல், ஓரம் வெட்டு வெட்டாக. அவள் பார்க்காமல் விழுந்து அவள் பார்க்காமல் முளைத்தவை. உள்ளே வலது பக்கம் மூலையில் ஓர் இடைவெளி. கையை நாடிக்குக் கொண்டுபோவதற்குள் சிட்டு வாயை மூடிக்கொண்டு பென்சிலை எடுக்கப் போய்விட்டாள்.

அம்மா குண்டுவை வாங்கி ஸ்டூலில் நிறுத்தினாள். அவள் கேட்பதற்கு முன்பே அவன் வாயைப் பிளந்தான். நீல பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு அவள் நாடியைப் பிடித்தாள். பிடித்ததும் கை தானாகப் பழைய வேலைக்குப் போனது, வாயிலிருந்து பாட்டு தானாக வந்தது. இரண்டு வருஷம், தினம் இரண்டு வேளை பாடிய பாட்டு.

"மேலத் தெரு கூட்டியாச்சு, கீழத் தெரு கூட்டியாச்சு…"

தாளுக்கு முன்னால் பென்சிலோடு நின்றிருந்த சிட்டு அசையவில்லை. மெக்கானிக் அவள் முதுகையே பார்த்தான். திரும்பட்டும், ஒரு தடவை திரும்பி அந்த ஒரு வார்த்தையைச் சொல்லட்டும் என்று மனசுக்குள் கெஞ்சினான்.

"மூலை வீட்டுக்காரரே, தூங்குறீரா, முழிச்சீரா?"

குண்டுவுக்குப் பதில் தெரியாது. விவரம் தெரிந்த பிறகு யாரும் அவனுக்கு அந்தப் பாட்டைப் பாடியதில்லை. நுரை வாயோடு விழித்தான். அவள் இரண்டு நொடி காத்திருந்தாள். பிறகு அவன் மூக்கில் செல்லமாகத் தட்டி, "சொல்லு பட்டு, முழிச்சேன்னு சொல்லு" என்றாள்.

சொன்ன பிறகுதான் அவளுக்கே கேட்டது. பிரஷ் குண்டுவின் வாயிலேயே நின்றது.

சிட்டு திரும்பினாள். அழப்போகிறாள், கத்தப்போகிறாள் என்று அவன் ஓரடி முன்னால் வைத்தான். அவள் அம்மாவின் பக்கத்தில் வந்து நின்று, நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்பதுபோல் கேட்டாள்.

"அம்மா, இப்ப பட்டுக்கு யாரு தேச்சு விடுவாங்க?"

அம்மா பிரஷ்ஷைப் பேசினில் வைத்தாள். ஊருக்கு வந்து நாலு நாளாகச் சிரித்த முகமாகவே இருந்தவள், ஈரத் தரையில் அப்படியே உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

"அதுவும் தேய்க்காம இருக்கும்மா" என்றாள் சிட்டு. "அங்க போன் பண்ணி, பிரஷ்ஷைப் பாக்காம வாயைப் பாக்கச் சொல்லுங்க."

குண்டுவின் நாடியிலிருந்து நுரை வழிந்தது. மெக்கானிக் நீல பிரஷ்ஷை எடுத்து, மிச்சப் பல்லைத் தேய்த்துவிட்டான். வாய்க்குள்ளேயே எண்ணினான். நூற்றிருபது ஆனதும் குண்டுவுக்கு வாய் கொப்பளித்துவிட்டு, துண்டால் துடைத்து, அவனை இறக்கிவிட்டான்.